ரவுண்ட்ஸ் நேரத்தில் வெளியே நின்றவள்

இன்னாசிமுத்து பல வருடம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சலுக்கும் நாய்க்கடிக்கும் ஊசி போட்டுவிட்டு, நாற்பது வயதில் மருத்துவ மேற்படிப்புக்கு வந்தவர். அவருடைய பேராசிரியை செண்பகவல்லி அவரைவிட இரண்டு வயது இளையவர். அதில் இருவருக்கும் கூச்சம் எதுவும் கிடையாது. இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரை டாக்டர் என்பார்.

ஒருநாள் புறநோயாளிகளைப் பார்த்து முடித்து, இருவரும் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"ஆயிரம் பேர் வர்றாங்க. எல்லாருக்கும் அசதி, வாந்தி, தலைசுத்தல். அதுல ஒருத்தருக்கு மட்டும் ஆளையே கொண்டுபோற அபூர்வமான நோய் இருக்கு. அந்த ஒருத்தரை நீங்க எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?"

செண்பகவல்லி டீயில் படிந்திருந்த ஆடையை விரலால் எடுத்துப் போட்டார்.

"நான் கோட்டை விட்டவங்க கதையெல்லாம் உங்களுக்குத் தெரியாது" என்றார்.

டாக்டர்களுக்கு அபூர்வ நோயின் மேல் ஒரு ஆசை உண்டு. வெளியே சொல்ல வெட்கப்படுவார்கள், அவ்வளவுதான். ஊரே தவறவிட்டதை நாம் பிடிக்க வேண்டும் என்ற அந்த ஆசை இன்னாசிமுத்துவுக்கும் இருந்தது. நல்ல மனிதர். ஆனாலும் இருந்தது.

அடுத்த வாரம் செண்பகவல்லி வெளியூர்க் கல்லூரிக்குத் தேர்வு நடத்தப் போனார். துணைப் பேராசிரியை பிரசவ விடுப்பில் இருந்தார். பெண்கள் வார்டு இன்னாசிமுத்துவின் பொறுப்புக்கு வந்தது.

அன்றைக்குத்தான் முப்பிடாதியைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். அந்த வருடத்தில் இது மூன்றாவது முறை. ஒவ்வொரு முறையும் குளுக்கோஸ் ஏற்றுவார்கள், கண் திறப்பாள், நேரத்துக்குச் சாப்பிடு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

மறுநாள் காலை ரவுண்ட்ஸ். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. டாக்டர் வரும் நேரம் பார்த்து வாட்ச்மேன் கம்பைத் தட்டிக்கொண்டே வருவார். கூட இருக்கும் தாய், மாமியார், அக்கா, தங்கை எல்லாரையும் வராந்தாவுக்கு விரட்டுவார். வார்டு கழுவிவிட்டதுபோல் ஆகிவிடும். அதன் பிறகுதான் டாக்டர் உள்ளே வருவார்.

இன்னாசிமுத்து மாணவர்களோடு முப்பிடாதியின் கட்டிலருகே நின்றார்.

"என்னம்மா செய்யுது?"

"அசதியா இருக்கு சார்."

"எவ்வளவு நாளா?"

"ரொம்ப நாளா."

"வேற என்ன?"

அவள் சுற்றி நின்ற பையன்களைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல சார்."

ஆனால் இன்னாசிமுத்து கெட்டிக்காரர். வறண்ட தோலைக் கவனித்தார். ஊதியிருந்த முகத்தைக் கவனித்தார். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் அவள் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கவனித்தார். தைராய்டுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார்.

ரிசல்ட் வந்தது. தைராய்டு அடிமட்டத்தில் இருந்தது. அப்படி இருந்தால் தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். அளவு எக்கச்சக்கமாக ஏறியிருக்க வேண்டும். அது ஏறவில்லை. லேப்காரர்கள் எதையாவது மாற்றிப் போட்டிருப்பார்கள் என்று அதை ஒதுக்கினார்.

"மூணு தடவ வந்திருக்காங்க. ஒருத்தராவது பாத்தாங்களா, பாருங்க" என்றார் வார்டு நர்ஸ் ரெஜினா சிஸ்டரிடம். அன்றைக்கே தைராய்டு மாத்திரையை முழு அளவில் ஆரம்பித்தார்.

இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு முப்பிடாதி வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். ரத்த அழுத்தம் இறங்கியது. உப்புத் தண்ணீர் பாட்டில் பாட்டிலாக ஏற்றியும் ஏறவில்லை. சர்க்கரையும் இறங்கியது. கிருமித் தொற்றாக இருக்கலாம் என்று அதற்கும் மருந்து கொடுத்துப் பார்த்தார் இன்னாசிமுத்து. கேட்கவில்லை. கூப்பிட்டால் "ம்" என்றுகொண்டிருந்தவள் அதையும் நிறுத்திவிட்டாள். நம் கையிலேயே போகப் போகிறாள் என்று அவருக்குத் தோன்றியது.

அன்று காலைதான் செண்பகவல்லி ஊர் திரும்பினார். தோளில் இருந்த பையோடு நேராக வார்டுக்கு வந்தார்.

இன்னாசிமுத்து கேஸ் ஷீட்டை நீட்டினார். அவர் வாங்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு முப்பிடாதியின் பக்கத்தில் உட்கார்ந்தார். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் கையை மெல்லத் தூக்கி அக்குளைப் பார்த்தார். அங்கே முடி என்பதே இல்லை.

"கூட யார் இருக்கா?"

"ரவுண்ட்ஸ் நேரம் மேடம். எல்லாரையும் வெளிய அனுப்பியாச்சு."

"கூப்பிடுங்க."

முப்பிடாதியின் மாமியார் சண்முகத்தாய் வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கொஞ்சம் கோபமாகவே வந்தாள்.

"கடைசிப் பிள்ளை எப்பம்மா பிறந்துச்சு?"

"அதுக்கு ஒம்பது வயசு ஆவுது டாக்டரம்மா. பொட்டப் புள்ள."

"பிரசவத்துல என்ன ஆச்சு?"

"ஆளு பொழச்சதே பெரும்பாடு. ரத்தமா ஊத்திருச்சு. துணி துணியா நனைஞ்சு போச்சு. ரத்தம் ஏத்தித்தான் காப்பாத்துனாவ."

"பிள்ளைக்குப் பால் குடுத்தாங்களா?"

"எங்கிட்டுக் குடுத்தா? சொட்டுப் பால் வரல. நாந்தான் ஆட்டுப்பால ஊத்தி வளத்தேன். அன்னைல இருந்து இவ இப்படித்தான். வீட்டுல ஒரு வேல செய்ய மாட்டா, உக்காந்தா உக்காந்த எடந்தான். சோம்பேறி கழுத. நானும் வையாத வசவு இல்ல."

"தூரம் வருதா?"

சண்முகத்தாய் குரலைத் தாழ்த்தினாள். "அதுவும் அன்னைக்கே நின்னுபோச்சும்மா. ஆம்பள டாக்டர்ட்ட இதெல்லாம் எப்படிச் சொல்லுவா அவ?"

செண்பகவல்லி எழுந்தார்.

"சிஸ்டர், ஹைட்ரோகார்ட்டிசோன் ஸ்டீராய்டு ஊசி எடுங்க. இப்பவே போடணும். அந்தத் தைராய்டு மாத்திரையை நிறுத்துங்க."

பிரசவத்தில் ரத்தம் அளவுக்கு மீறிப் போகும்போது, எங்கோ ஒருத்திக்கு, மூளையின் அடியில் இருக்கும் ஒரு சின்னச் சுரப்பி ரத்தம் கிடைக்காமல் செத்துப்போகிறது. மற்ற சுரப்பிகளை வேலை வாங்குவதே அதுதான். பால் அதோடு போகும், மாதவிலக்கு போகும், அக்குள் முடி போகும், தைராய்டு போகும், உடம்பைத் தாங்கிப் பிடிக்கிற ஸ்டீராய்டும் போகும். அந்த உடம்புக்கு ஸ்டீராய்டைக் கொடுக்காமல் தைராய்டை மட்டும் கொடுப்பது, பட்டினி கிடக்கும் மாட்டை அடித்து வண்டி இழுக்க வைப்பதுபோல. கொஞ்ச தூரம் இழுக்கும், பிறகு விழுந்துவிடும்.

ஊசி போட்டார்கள். இன்னாசிமுத்து அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. மாலைக்குள் ரத்த அழுத்தம் ஏறியது. அடுத்த நாள் முப்பிடாதி எழுந்து உட்கார்ந்து, ரொட்டி வேண்டாம், காரமாக ஏதாவது கொடு என்று மாமியாரிடம் கேட்டாள். அவள் அப்படி வாய்விட்டு எதையும் கேட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

செண்பகவல்லி சண்முகத்தாயிடம் நோயை விளக்கிச் சொன்னார். வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும், ஒருநாள்கூட விடக் கூடாது என்றார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில் ஒன்று கேட்டாள்.

"அப்ப அவ சோம்பேறி இல்லயா?"

"இல்லம்மா. அவங்க உடம்புல எழுந்து நிக்கவே தெம்பு கிடையாது. அதோட ஒம்பது வருஷம் வேலைக்குப் போயிருக்காங்க."

சண்முகத்தாய் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மூணு தடவயும் நாந்தாம்மா கூட வந்தேன். வெளிய வராந்தாவுலதான் நின்னேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

அன்று மதியம் இன்னாசிமுத்து செண்பகவல்லியின் அறைக்குப் போனார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"என் தப்பு எனக்குத் தெரியுது மேடம். கூட வந்தவங்களைக் கேட்டிருக்கணும். பிரசவத்தைப் பத்திக் கேட்டிருக்கணும். பொருந்தாத ரிசல்ட்டை ஒதுக்கியிருக்கக் கூடாது. ஸ்டீராய்டை முதல்ல குடுத்திருக்கணும்."

"அதெல்லாம் புஸ்தகத்துல இருக்கு டாக்டர். இனிமே மறக்க மாட்டீங்க."

"அப்ப வேற என்ன மேடம்?"

"தைராய்டு ரிசல்ட் உங்க கைக்கு எப்ப வந்துச்சு?"

"மத்தியானம்."

"வந்ததும் என்ன செஞ்சீங்க?"

"சிஸ்டர் டேபிளுக்குப் போனேன். மாத்திரை எழுதினேன்."

"அப்பறம்?"

"ஸ்டூடண்ட்ஸைக் கூப்பிட்டு எப்படிக் கண்டுபிடிச்சேன்னு சொன்னேன். எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தேன். சந்தோஷமா இருந்துச்சு மேடம்."

"இருக்கும். எனக்கும் இருக்கும்" என்றார் செண்பகவல்லி. "அந்த நேரத்துல முப்பிடாதி எப்படி இருந்தாங்க?"

இன்னாசிமுத்து பதில் சொல்ல வாயைத் திறந்தார். யோசித்துப் பார்த்தார். சிஸ்டர் டேபிளுக்கு நேர் எதிரேதான் அந்தக் கட்டில் இருந்தது. அன்று அந்தப் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்த்திருக்கவில்லை.