வெந்நீர் ஊற்றிய கை

நாமக்கல் பக்கம் ஒரு மடம். குருபூசை அன்று எண்ணூறு பேர் சாப்பிடுவார்கள். இலையில் முதலில் விழுவது பால் பாயசம். அது விழாமல் அங்கே யாரும் சோற்றில் கை வைப்பதில்லை.

அந்த வருஷம் மடத்து மாடுகளுக்குக் கோமாரி. ஊர் மாடுகளுக்கும்தான். பால் கிடையாது. சோயாப் பாலில் பாயசம் வைக்கலாம் என்று மடத்தில் முடிவு பண்ணினார்கள்.

மடைப்பள்ளிக்குக் குரு பாவாயி அம்மாள். அவரிடம் சீடராகச் சேர்ந்திருந்தவர் செங்கோடன். ஐம்பது வயது, கல்யாணச் சமையல்காரர், குருவைவிடப் பத்து வயது மூத்தவர். வீம்பு பிடித்த ஆள். அதை மறைத்துப் பேசி என்ன ஆகப் போகிறது.

"பாயசம் நாறுச்சுன்னா கரண்டியைக் கீழ வெச்சுட்டுப் போயிருவேன், தாயே" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

நாறியது.

பூசைக்கு இரண்டே நாள். சோயாவை ஊறவைத்தார், கிரைண்டரில் போட்டார், ஐஸ் தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைத்தார், பிழிந்தார், காய்ச்சினார். பச்சை வாடை போகவில்லை. ஏலக்காய் போட்டால் ஏலக்காயும் சேர்ந்து நாறியது.

"என் கைப்பக்குவத்துல தப்பே இல்லீங்க. இந்தப் பருப்பு ஏன் இப்படி நாறுது?"

"பருப்பை வெச்சுப் பொழைக்கிறவங்களைக் கேட்டுட்டு வாங்க" என்றார் பாவாயி அம்மாள்.

செங்கோடன் முதலில் வடிவேல் ஆசாரியிடம் போனார். ஆசாரி சோயா மாவில் சுண்ணாம்புத் தண்ணீர் கலந்து, பலகை ஒட்டப் பசை செய்கிறவர்.

"சோயாவுல எடுக்கிற எண்ணெய் சோப்புக்கும் பெயிண்டுக்கும் போயிருதுங்க. மாவு எனக்கு. ஆனா சூடு படாத மாவா இருக்கோணும். சூடு பட்டா ஒட்டாது."

"அப்படிச் சொல்லுங்க" என்று செங்கோடன் துள்ளிக்கொண்டு வந்தார். "பாத்தீங்களா தாயே, ஆசாரியே சொல்லிட்டாரு. சூடு ஆகாது. நான் ஐஸ் ஊத்துனதுதான் சரி."

இன்னும் கொஞ்சம் ஐஸ் போட்டு அரைத்தார். வாடை இன்னும் ஏறியது.

பாவாயி அம்மாள் ஒரு சொட்டை விரலில் தொட்டு, இரண்டு விரலையும் ஒட்டிப் பிரித்துப் பார்த்தார். "ஆசாரிக்கு வேணும்னா குடுத்தனுப்பலாம். அவரு பலகை ஒட்டுறாரு. நீங்க யாருக்குக் காய்ச்சுறீங்க?"

"திங்கிறவங்களுக்கு."

"அப்ப தின்னக் குடுக்கிறவரைப் போய்ப் பாருங்க."

மறுநாள் காலையில் கோழிப்பண்ணைக் காளியண்ணனிடம் போனார். காளியண்ணன் ஒரு பெரிய இரும்புச் சட்டியில் சோயாவை வறுத்துக்கொண்டிருந்தார்.

"கோழிக்கு எதுக்குங்க வறுவல்?"

"பச்சையாப் போட்டா திங்கும், எடை ஏறாதுங்க. சூடு காட்டுனாத்தான் உடம்புல ஒட்டும். வாடையும் அடங்கிரும்." காளியண்ணன் கரண்டியை நிறுத்தினார். "ஏனுங்க மாஸ்டர், உங்களைப் பத்தி ஊரே பேசுது. ஐஸ் தண்ணியில அரைக்கிறீங்களாமே?"

"முப்பது வருஷமா அப்படித்தான் அரைக்கிறேன்."

"சோயாவையா?"

முப்பது வருஷமாகச் செங்கோடன் அரைத்தது உளுந்து. மாவு சூடானால் வடை எழும்பாது, அதனால் ஐஸ். கை பழகிவிட்டது. சோயாவைப் போட்டபோதும் கை தானாகவே ஐஸ் பெட்டிக்குப் போனது. கை யோசிக்கவில்லை. அவரும்தான்.

"டீ குடிச்சுட்டுப் போங்க மாஸ்டர்."

குடிக்கவில்லை. மடத்துக்கு வேகமாக நடந்தார். ஐஸில் அரைக்கும்போதே ஏறிவிடுகிற வாடை அப்புறம் காய்ச்சினாலும் போகாது, அரைக்கும்போதே சூடு வேண்டும்.

ஊறின சோயாவை வடித்துக் கிரைண்டரில் போட்டார். அடுப்பில் தளதளவென்று கொதித்த தண்ணீரைச் சொம்பில் மொண்டார். சொம்பைத் தூக்கிய கை நின்றுபோனது. மாவில் கொதிநீர் ஊற்றுவது அவர் கைக்குப் பாவம் மாதிரி இருந்தது.

பாவாயி அம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஊற்றினார். ஆவி முகத்தில் அடித்தது. மோந்து பார்த்தார். குனிந்து மறுபடியும் மோந்தார்.

வாடை இல்லை.

பூசை அன்று அண்டா அண்டாவாகக் காய்ச்சினார். இறக்கி, கொஞ்சம் ஆறவிட்டு வெல்லப்பாகு சேர்த்தார். திரியவில்லை. எண்ணூறு இலையிலும் பாயசம் விழுந்தது. இரண்டாம் தடவை கேட்டார்கள். மூன்றாம் தடவையும் கேட்டார்கள். பிழிந்த சக்கையில் வடை சுட்டிருந்தார், அதுவும் காலி. ஊருக்கே பால் ஊற்றுகிற பழனியப்பன் இலையை வழித்துவிட்டுத் தலை நிமிர்ந்தார்.

"மாடு எப்பங்க தேறுச்சு?"

பந்தி முழுக்கச் சிரித்தது. செங்கோடன் கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை. அதைத் தோளில் சாத்திக்கொண்டு, தேர் இழுத்து நிலை சேர்த்தவர் மாதிரி மடைப்பள்ளிக்குள் வந்தார்.

பாவாயி அம்மாள் கடைசி அண்டாவைச் சாய்த்துத் தனக்கு ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"தாயே, புரிஞ்சுபோச்சு. இனி என் கிரைண்டர்கிட்ட ஐஸே வரக்கூடாது. நாளைக்கு உளுந்துக்கும் வெந்நீர்தான்."

பாவாயி அம்மாள் பாயசத்தை முழுசாகக் குடித்து முடித்தார்.

"உளுந்தைக் கேட்டீங்களா?"