கண்டக்டர் கற்ற வெளிநாட்டுப் பாடம்

எட்டு நாட்டு ரோடுகளைப் பார்த்துவிட்டு வந்த போக்குவரத்து ஆணையர் நடனசபாபதி, வெளிநாட்டு நிபுணர்கள் மூன்று பேரைத் தன் அலுவலகத்துக்கு டவுன் பஸ்ஸிலேயே அழைத்துப் போனார். வழியெல்லாம் கண்டக்டர் குப்புராஜுக்குத்தான் அர்ச்சனை.

"இவங்க ஊர்ல பஸ் நிமிஷம் தப்பாம வருதுய்யா! நாங்க இறங்குறதுக்குள்ள இவங்ககிட்ட ஒரு பாடமாவது கத்துக்கிட்டுச் செஞ்சு காட்டு. இல்லேன்னா நாளையிலேர்ந்து டிப்போவுல பஸ் கழுவு."

"சரிங்க சார்."

அலுவலக ஸ்டாப்பில் ஒரு வெள்ளைக் கார் சொகுசாக நின்றது. பஸ் நடுரோட்டிலேயே நிற்க, பின்னால் ஒரே ஹாரன் சத்தம்.

"சார், அவங்க ஊர்ல பஸ் ஸ்டாப்புல கார் நின்னா என்ன பண்ணுவாங்கன்னு கேட்டுச் சொல்லுங்களேன்," என்றான் குப்புராஜ்.

ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி ஆணையர் பெருமையாக மொழிபெயர்த்தார்: "மந்திரி காரா இருந்தாலும் தூக்கிட்டுப் போயிடுவாங்களாம். கத்துக்கோ!"

குப்புராஜ் விசிலடித்துப் போலீஸ்காரரைக் கூப்பிட்டு, "ஆணையர் உத்தரவு" என்றான். இழுவை வண்டி வந்து காரைத் தூக்கியது. விருந்தினர்கள் கைதட்டினார்கள். ஆணையரும் தட்டிக்கொண்டே திரும்பினார். கை பாதியில் நின்றது.

"யோவ், அது என் காருய்யா!"

"தெரியும் சார், தினமும் உங்க டிரைவர் அங்கேதானே கொண்டாந்து நிறுத்துறாரு. சாயங்காலம் ஆறே காலுக்கு இதே பஸ்ல வீட்டுக்குப் போயிடலாம். ஸ்டாப் காலியாயிடுச்சு, நிமிஷம் தப்பாம வந்துடுவேன்."