சிநேகிதனுக்கு வந்த சங்கடம்

ரைஸ் மில் முதலாளி சங்கிலிமுத்து வரிசையைத் தள்ளிக்கொண்டு போய், ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் பிச்சையாவின் காதோரம் குனிந்தார்.

"என் சிநேகிதனுக்கு முன்தோல் இறுகிப்போய் பின்னால வரமாட்டேங்குதுய்யா. அவன் இங்க வரமாட்டான். ஆளைப் பார்க்காமலே குணப்படுத்தணும். இல்லே, உன் வேலை போயிரும்!"

பிச்சையா பேனாவை எடுத்தான். "ஆளைப் பார்க்காம எழுதணும்னா, நேரா கத்தின்னுதாங்க எழுத முடியும் முதலாளி."

முதலாளிக்கு வியர்த்துவிட்டது. "வேற வழியே இல்லையா?"

"நேர்ல வந்தா உண்டுங்க. டாக்டர் பார்த்துக் களிம்பு தருவார். தினமும் தடவி, மெல்ல மெல்லத் தளர்த்தணும். அதுக்கும் கேட்கலைன்னாத்தான் கத்தி."

"நான் நேர்லதானேய்யா வந்திருக்கேன்! என் பேரை எழுது!"

இரண்டு மாதம் கழித்து, சிரித்த முகமாக வந்த முதலாளி பிச்சையாவின் வீட்டில் அரிசி மூட்டை ஒன்றை இறக்கினார்.

"சிநேகிதன் குடுக்கச் சொன்னான்."