எண்ண முடியாத தகடுகள்

ஓசூரில் மின் ஸ்கூட்டருக்கு மோட்டார் செய்யும் ஆலையில் சோதனைக்கூடம் பௌசியாவின் பொறுப்பில் இருந்தது. அவளுக்கு முப்பத்தொரு வயது. அவளிடம் வேலை கற்க வந்த துரைக்கண்ணுவுக்கு ஐம்பத்துநான்கு. பம்பு மோட்டார் கம்பெனியில் இருபது வருடம் லேத்தில் கடைசல், மெருகு வேலை பார்த்தவர்.

அந்த வாரம் மூன்று மோட்டார்கள் அளவுக்கு மேல் சூடாயின. துரைக்கண்ணு, மோட்டாருக்குள் சுழலும் ரோட்டருக்குப் பிரஸ் இயந்திரத்தில் தகடு வெட்டும் அற்புதராஜைக் கவனிக்கத் தொடங்கினார். டீ நேரத்திலும் அவன் கைகளையே பார்த்தார். மூன்றாம் நாள் அவன் வெட்டிய தகடு ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

“விளிம்புல பிசிறு மேடம். வெட்டுற டை மழுங்கிப்போச்சு. தெரிஞ்சேதான் ஓட்டுறான்.”

“கேட்டீங்களா?”

“கேட்டேன். உங்க ரோட்டர்ல முகம் பார்த்து மீசை வெட்டிக்கலாம்ணேன்னு சிரிக்கிறான். பேச்சை மாத்துறான்.”

பௌசியா தகட்டைத் தடவினாள். அளந்து திருப்பிக் கொடுத்தாள். அவர் அதை மறுபடி சட்டைப்பையில் போட்டார்.

“பிசிறு அனுமதிச்ச அளவுக்குள்ளதான் இருக்குண்ணே.”

“அவனுக்குப் பரிஞ்சு பேசுறீங்க.”

அவர் புகார்ப் படிவத்தை மேஜைமேல் வைத்தார். அற்புதராஜின் பெயர் எழுதியிருந்தது. பௌசியா கையெழுத்திட்டால் அவனுக்கு நாளை வேலை இல்லை. அவன் ஒப்பந்தத் தொழிலாளி.

“பிசிறு இல்லேன்னா வேற எது சூடாக்குது? அதைச் சொல்லுங்க” என்றார் துரைக்கண்ணு.

அவள் தகடுகளை அடுக்கிச் செய்த இரண்டு ரோட்டர்களை எடுத்து வைத்தாள். ஒன்று மங்கல். மற்றது சூடான மூன்றில் ஒன்று. பளபளத்தது.

“எது நல்ல வேலை?”

“இதென்ன கேள்வி, பளபளப்பா இருக்கிறதுதான்.”

உருப்பெருக்கியை நீட்டினாள். “தகடுகளை எண்ணுங்க. இருபது போதும்.”

மங்கலானதில் கோடுகள் தெளிவாக இருந்தன. எண்ணி முடித்தார். பளபளப்பானதை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். நாலில் நின்றார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

“கோடே இல்லை. இரும்பு இழுபட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கு.”

“ஒட்டினா?”

“மின்சாரம் தாண்டாம இருக்கப் பூச்சு போட்டுத் தகட்டைப் பிரிச்சதே வீண். மின்சாரம் குறுக்கே சுத்தும்.” குரல் இறங்கியது. “அதான் சூடு.”

“பம்பு மோட்டார்ல இது பெரிசாத் தெரியாது. இது அதைவிட அஞ்சு மடங்கு வேகமாச் சுத்துது. பேட்டரி சார்ஜ் சூடாவே போயிடும்.”

“யாரோ லேத்துல ஏத்தியிருக்காங்க மேடம். வரைபடத்துல அப்படி ஒரு வேலையே இல்லை” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

“தண்டைத் திருப்புங்க.”

திருப்பினார். தண்டின் நுனியில் ‘து’ என்று சிறியதாகக் குத்தியிருந்தது. தான் மெருகேற்றிய பொருளில் தன் பெயரின் முதலெழுத்தைக் குத்துவது அவருடைய இருபது வருடப் பழக்கம்.

“மத்த ரெண்டுலயும்?” என்று கேட்டார்.

“இருக்கு.”

அவர் படிவத்தை எடுத்து நாலாக மடித்தார். சட்டைப்பையில் வைக்கும்போது அந்தத் தகடு கையில் பட்டது.

“அப்போ அவன் ஏன் சிரிச்சான்?”

“அற்புதராஜுக்கு உங்க மெருகு பிடிச்சிருந்ததுண்ணே. அவருக்கு உங்களைச் சந்தேகப்படத் தோணலை.”