ஆஃப் செய்யப்பட்ட செவ்வந்தி

கொக்கரைப்பட்டியில் ஒரு குடைக் கம்பெனி இருந்ததாம். அங்கே மனிதவளத் துறை என்றால் செவ்வந்தி ஒருத்திதான். ஆள் எடுப்பது, லீவு கொடுப்பது, ராஜினாமா வாங்குவது, எல்லாமே அவள் போடும் ஒரு கையெழுத்து.

ஒருநாள் முதலாளி மூன்று மேனேஜர்களையும் கூப்பிட்டார். "இந்தத் துறையால ஏதாவது பிரயோஜனம் உண்டான்னு ஒரு வாரம் பார்த்துச் சொல்லுங்க. இல்லேன்னா மூடிடலாம்."

அந்த ஊரில் இதை விட்டால் செவ்வந்திக்கு வேறு வேலை கிடையாது.

மேனேஜர்கள் அவள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அவளை வைத்துக்கொண்டே யோசித்தார்கள்.

"ஃபேனால பிரயோஜனம் உண்டான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்றார் உற்பத்தி மேனேஜர் ஆராவமுதன்.

"ஆஃப் பண்ணிப் பார்ப்பேன்" என்றார் விற்பனை மேனேஜர் சாமுவேல்.

"அப்ப இவங்களையும் ஆஃப் பண்ணிடுவோம். சுவிட்ச் எங்க இருக்கு?" என்றார் ஸ்டோர் மேனேஜர் பிச்சுமணி.

சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, அவள் பேனாதான் சுவிட்ச் என்று முடிவு கட்டினார்கள். பிச்சுமணி அதை வாங்கி ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டினார்.

செவ்வந்தி கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "மூச்சு விடலாமா சார்?"

மூவரும் தனியே போய்க் கலந்து பேசிவிட்டு வந்தார்கள்.

"விடலாம்மா. ஃபேனும் ஆஃப் பண்ணினப்புறம் கொஞ்ச நேரம் சுத்தத்தானே செய்யுது" என்றார் ஆராவமுதன்.

திங்கட்கிழமை பன்னிரண்டு லீவு லெட்டர் வந்தது. கையெழுத்து இல்லை, லீவும் இல்லை. புதன்கிழமை இரண்டு பேர் ராஜினாமாவோடு வந்து, வாங்க ஆளில்லாமல் மெஷினுக்கே திரும்பிப் போனார்கள். வியாழக்கிழமை கல்யாண மாப்பிள்ளை ஒருவன், துணி வெட்டும் மேசைக்குப் பக்கத்திலேயே தாலி கட்டிவிட்டு மதிய ஷிப்டைத் தொடர்ந்தான்.

சனிக்கிழமை ஆராவமுதன் அறிக்கை வாசித்தார். "ஒரு வாரம் இவங்களை ஆஃப் பண்ணி வெச்சோம். ஒருத்தரும் லீவு எடுக்கல. ஒருத்தரும் வேலையை விட்டுப் போகல. துறை பிரமாதம் சார்."

முதலாளி அசந்துபோனார். "ஒருத்தி சும்மா இருந்தே இவ்வளவா? இன்னும் மூணு பேரைப் போடுங்க."

"அதுக்கு நான் கையெழுத்துப் போடணுமே சார்" என்றாள் செவ்வந்தி.

"ஐயோ, வேண்டாம்மா. நீ வேலை செஞ்சா துறை கெட்டுப்போயிடும்" என்று பதறினார் சாமுவேல்.

வேறு வழி தெரியாமல் மேனேஜர்கள் மூவருமே தங்கள் பேனாக்களைப் பூட்டிவிட்டு, செவ்வந்தி பக்கத்தில் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

முதலாளி சத்தமில்லாமல் நடந்து வந்து எட்டிப் பார்த்தார். நாலு பேரும் சும்மா இருந்தார்கள். பிச்சுமணியின் கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, இவர் மட்டும் வேலை செய்யற மாதிரி இருக்கே?"

"இப்பத்தான் சார் ஆஃப் பண்ணினோம்" என்றாள் செவ்வந்தி. "தானா நின்னுடும்."