கடலின் தண்ணீர் கடலுக்கு

தொலைவான தீவு ஒன்றின் நடுவில் ஒரு சின்ன ஏரி இருந்தது. சுற்றிலும் உப்புக் கடல். ஏரியில் மட்டும் தேனாக இனிக்கும் தண்ணீர். அதைப் பார்க்கவே குரு சித்தம்மையோடு படகேறினார் தாழையன். அவர் சீடர்தான், ஆனால் வயதில் குருவுக்கு மூத்தவர். ஞானத்தைவிட நல்ல தண்ணீரின் மேல் அவருக்கு ஆசை அதிகம்.

ஏரியில் ஒரு வாய் அள்ளிக் குடித்தார். உடனே துப்பினார்.

"உப்புக் கரிக்கிறது, அம்மா."

முந்தைய வாரப் புயலில் கடல் உள்ளே புகுந்திருந்தது. கரையில் தீவு மக்கள் தலை குனிந்து நின்றார்கள். எதிரே அரசனின் அதிகாரி நின்றான்.

"எல்லோரும் படகில் ஏறுங்கள். அரசர் வேறு நிலம் தருவார். போனவர்கள் திரும்பக் கூடாது. தீவு இனி அவருக்கு."

தீவின் மேல் அரசனுக்கு நெடுநாளாகவே ஒரு கண். கடல் அவன் வேலையைச் சுலபமாக்கிவிட்டது.

சித்தம்மை அருகில் குடத்தோடு நின்ற பேச்சி என்ற தீவுப் பெண்ணிடம் கேட்டார்: "கடல் புகுந்தால் என்ன செய்வீர்கள்?"

"குடங்குடமா இறைச்சுக் கடல்லயே ஊத்துவோம். அப்புறம் மழை நிரப்பிடும். இந்த வாட்டி ரொம்ப வந்திருச்சும்மா. மனசு விட்டுப்போச்சு."

சித்தம்மை அவள் குடத்தை வாங்கி ஏரியில் முகந்து, கடலை நோக்கி நடந்தார்.

தாழையனுக்கு வெட்கமாகிவிட்டது. அவரும் ஒரு குடம் முகந்து ஏரிக்கரையிலேயே கவிழ்த்தார்.

"அங்க ஊத்தாதீங்கய்யா," என்றாள் பேச்சி. "ஊறித் திரும்ப ஏரிக்கே வந்திரும். கடல் வரைக்கும் நடக்கணும்."

நடந்தார். பேச்சி வீட்டுக்கு ஓடி வேறொரு குடத்தோடு வந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் குடம் எடுக்கப் போனார்கள்.

அதிகாரி சிரித்தான். "கடலையா இறைக்கிறீர்கள், அம்மா?"

"கடலை இல்லை. ஏரிக்குள் வந்ததை மட்டும்."

"மழை வரும்வரை எதைக் குடிப்பார்கள்?"

"தென்னை நிக்குதுல்ல," என்றாள் பேச்சி, குடத்தை இறக்காமலே.

சாயங்காலம் அதிகாரியின் படகு வெறுமையாகத் திரும்பியது. ஏரி பெரிதாக ஒன்றும் குறையவில்லை. தாழையன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார்.

"அம்மா, அடுத்த புயலில் கடல் மறுபடியும் வருமே?"

"வரட்டும். அதற்கு வரத் தெரியும். நமக்குத் திருப்பி அனுப்பத் தெரியும். குடத்தை எடுங்கள், தாழையரே."