அகலத் திரையும் ஐந்து முட்டைகளும்

மருதங்குளத்துக்குக் காவல் இருந்தது வரியன் என்ற அணில். பகல் முழுக்கக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பது அதன் வேலை. ஆனால் அது பார்த்தது குளத்தை அல்ல, கணினித் திரையை!

சிரிக்காதீர்கள். அந்தக் காட்டில் அப்படித்தான். கரையிலிருந்த மருதமரப் பொந்தில் ஒரு கணினி இருந்தது. மரத்தின் உச்சியில் ஒரு கேமரா. மதகுக்குப் போகும் பாதையில் இன்னொரு கேமரா. திரையில் ஏதாவது தப்பாகத் தெரிந்தால் வரியன் கத்தும். வரியன் கத்தினால் குளத்தில் இருக்கிற வாத்து, கொக்கு, முயல் எல்லாம் உஷாராகிவிடும்.

அப்போது இருந்தது பழைய திரை. சதுரமான, கனத்த பெட்டி. ஒரு நேரத்தில் ஒரு கேமராவைத்தான் அதில் பார்க்க முடியும். ஆனால் படம் முழுசாக இருக்கும். மேலே வானம், நடுவில் தண்ணீர், கீழே கரையோரக் கோரைப்புல். அந்தக் கோரைக்குப் பக்கத்தில் ஓர் அளவுக்கல் நின்றது. அதில் மூன்று கோடுகள்.

கோரைக்குள்தான் பவளம் கூடு கட்டியிருந்தது. பவளம் ஒரு தாழைக்கோழி. நெற்றி நல்ல சிவப்பு. போன வருடம் அதன் முட்டைகளைச் சாரைப்பாம்பு தின்றுவிட்டது. இந்த வருடம் ஐந்து முட்டைகள். அவற்றைவிட்டு அரைநாழிகை நகர்ந்தாலும் அதற்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

தண்ணீர் ஏறினால் கோரையைக் கொண்டுவந்து அடுக்கிக் கூட்டை உயர்த்திவிடுவது தாழைக்கோழிகளின் வழக்கம். அதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். அதனால் தண்ணீர் இரண்டாவது கோட்டைத் தொட்டதுமே வரியன், “கூட்டை ஏத்து! கூட்டை ஏத்து!” என்று கத்த வேண்டும் என்று பேச்சு. அந்தப் பேச்சை நம்பித்தான் பவளம் மதியத்தில் அக்கரைக்கு இரை தேடப் போய்வந்தது.

ஒருநாள் தாட்டான் குரங்கு ஓர் அகலத் திரையைத் தலையில் சுமந்துகொண்டு வந்தது. தாட்டான்தான் குளத்துக்குத் தலைவர்.

“பாருடா வரியா! உன் வாலை நீட்டிப் படுத்தாக்கூட இடம் மிச்சம் இருக்கும்!”

வரியனுக்குத் தலைகால் புரியவில்லை. குளத்தை இடப்பக்கமும் மதகுப் பாதையை வலப்பக்கமுமாக வைத்துக்கொண்டது. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம்! மூன்றாம் நாளே அதற்குப் பலன் கிடைத்தது. குளத்தில் வாத்துக்குஞ்சுகள் நீந்திக்கொண்டிருந்தபோது, வலப்பக்கப் படத்தில் ஒரு நரி பதுங்கிப் பதுங்கி வந்தது. வரியன் கத்திய கத்தில் குஞ்சுகள் ஆழத்துக்குப் போய்விட்டன. நரி வெறும் வாயோடு திரும்பியது. பழைய திரையாக இருந்தால் இரண்டு குஞ்சாவது போயிருக்கும். அதை நான் மறைக்கப்போவதில்லை.

அந்தத் திரையின் புகழ் பக்கத்து ஏரி வரைக்கும் பரவியது. அங்கிருந்த நாரைகள் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. தாட்டானுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“ரெண்டு சின்னப் படமா? விருந்தாளிங்க என்ன நினைப்பாங்க! குளத்தை மட்டும் பெருசாப் போடு!”

வரியன் போட்டது. படம் நடுவில் நின்றது. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தது.

“இது என்ன, துக்க வீடு மாதிரி? இவ்வளவு அகலம் எதுக்கு இருக்கு? இழுத்து நிரப்பு!”

இழுத்தது. திரை நிறைந்தது. ஆனால் குளத்தில் இருந்தவர்கள் எல்லாரும் குண்டாகிவிட்டார்கள்! கொக்கு, வாத்தைப்போல் இருந்தது. வாத்து, பூசணிக்காயைப்போல் இருந்தது. தண்ணீர் குடிக்க வந்திருந்த மயில் எட்டிப் பார்த்துவிட்டு, “ஐயையோ! நானா இது?” என்று அலறியது. இரண்டு நாள் அது அந்தப் பக்கமே வரவில்லை.

“சரி, வேற ஏதாவது வழி பாரு!” என்றது தாட்டான்.

வரியன் இன்னொரு பொத்தானை அழுத்தியது. படம் பெரிதாகி, திரையை விளிம்புவரை நிறைத்தது. கறுப்புப் பட்டை இல்லை. யாரும் குண்டாக இல்லை. தண்ணீர் தகதகவென்று மின்னியது. தாட்டான் கை தட்டியது.

வரியன் மட்டும் கண்ணைச் சுருக்கியது. படம் பெரிதாகி மேலேயும் கீழேயும் திரைக்கு வெளியே போய்விட்டது. வானம் இல்லை. கோரை இல்லை. அளவுக்கல்லும் இல்லை.

“தலைவரே, கல்லு தெரியலையே!”

“வெயில் இந்தக் கொளுத்து கொளுத்துது. தண்ணி எங்கே ஏறப்போகுது? விருந்தாளிங்க போனதும் மாத்திக்கோ!”

நாரைகள் வந்தன, வாயைப் பிளந்தன, போயின. ஆனால் வரியன் மாற்றவில்லை. ஏனென்றால் மறுநாளிலிருந்து பொந்து வாசலில் கூட்டம் கூடியது. வாத்துக்குஞ்சுகள் முறைவைத்துக்கொண்டு நீந்துவதும், வந்து தங்களைப் பார்ப்பதுமாக இருந்தன. “வரியன் காட்டுற மாதிரி யாரும் காட்ட முடியாது!” என்று கொக்கே சொல்லிவிட்டது. இத்தனை வருடம் காவல் காத்ததற்கு வரியனை யாரும் ஒரு வார்த்தை புகழ்ந்ததில்லை, பாவம். நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தது. மறுநாளும் அதையேதான் நினைத்தது.

பவளம் மட்டும் படம் பார்க்க வரவில்லை. மதியம் இரை தேடக் கிளம்பும்போது மரத்தடியில் நின்று கேட்கும்.

“தம்பி, கல்லைப் பார்த்துக்கிறியா?”

“பார்த்துக்கிறேன்க்கா! நீங்க போயிட்டு வாங்க!”

இதைச் சொல்லும்போது முதல் நாள் வரியன் பவளத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. நாலாம் நாள் பார்த்தே சொன்னது.

ஒன்பதாம் நாள் மதியம். குளத்தில் நல்ல வெயில். ஆனால் மேற்கு மலையில் பெரிய மழை பெய்திருந்தது. அந்தத் தண்ணீர் சத்தமில்லாமல் ஓடைவழியாகக் குளத்துக்கு வந்துகொண்டிருந்தது. வரியன் திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. தூங்கவில்லை, விளையாடவில்லை. திரை நிறையத் தண்ணீர் மின்னியது. குளத்தின் நடுவில் தண்ணீர் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது. ஏறுவது கரையில்தான் தெரியும்.

அக்கரையிலிருந்து திரும்பிய பவளத்தின் அலறல் கேட்டுத்தான் வரியன் வெளியே ஓடியது.

அளவுக்கல்லைக் காணோம். மூன்று கோடும் தண்ணீருக்குள். கூடு பிய்ந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது. அதற்குள் ஒன்றுமில்லை. பவளம் அதைச் சுற்றிச் சுற்றி நீந்தியது. பிறகு கரைக்கு வந்து வரியனைப் பார்த்தது. திட்டவில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“நீ பார்த்துக்கிட்டுதானே தம்பி இருந்தே?”

“பார்த்துக்கிட்டேதான்க்கா இருந்தேன்...” என்றது வரியன்.

தேடியதில் ஒரே ஒரு முட்டை அல்லி இலைகளுக்கு நடுவே கிடைத்தது. சில்லிட்டிருந்தது. வாத்துகளும் கொக்குமாகச் சேர்ந்து மேட்டில் ஒரு கூடு கட்டிக்கொடுத்தன. பவளம் அந்த ஒரு முட்டையை இருபத்தைந்து நாள் அடைகாத்தது. பொரிக்கவில்லை. இருபத்தாறாம் நாள் அது தானாகவே எழுந்து தண்ணீருக்குள் இறங்கியது.

தாட்டான் குமுறியது. “இந்தத் திரையே வேண்டாம்! உடைச்சுப் போடுறேன்!”

“வேண்டாம் தலைவரே,” என்றது வரியன். “நரியைக் காட்டினதும் இதுதான். இது மேல தப்பில்லை. கல்லு தெரியலைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே விட்டுட்டேன். அக்காகிட்டப் பொய்யும் சொன்னேன்.”

தாட்டானும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டது. போட வேண்டியதுதான்.

இப்போது அந்தத் திரையில் குளம் முழுசாகத் தெரிகிறது, ஓரமாக மதகுப் பாதை. மிச்ச இடமெல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்பைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. படத்தின் அடியில் கல் நிற்கிறது. பக்கத்தில் கோரை காற்றில் ஆடுகிறது. பவளம் அங்கே மறுபடி கூடு கட்டவில்லை. ஆனாலும் வரியன் தினமும் விடிந்ததும் முதலில் அந்த மூலையைத்தான் பார்க்கிறது.

கண்முன்னே எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும், எது தெரியாமல் போனது என்று கவலைப்படாதவனை நம்பி ஒன்றையும் விட்டுப்போக முடியாது.